திருவோண நீராட்டம்

பேரக் குழந்தையின் முதல் பிறந்தநாளை என்றைக்குக் கொண்டாடுவது என்ற பேச்சு எழாத வீடு இன்று அரிது. பெற்றோர் ஆங்கிலத் தேதியைக் குறித்துக்கொண்டு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். தாத்தாவும் பாட்டியும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஜன்ம நட்சத்திரம் வேறொரு நாளில் வருகிறதே என்கின்றனர். "அன்றைக்கு அலுவலகம் உண்டே அப்பா" என்று மகன் சொல்கிறான். அதற்குமேல் பேச்சு இல்லை. ஆனால் மனத்தில் ஒரு வாட்டம் தங்கிவிடுகிறது. விழா நாளன்று முதியவர்கள் மண்டபத்தின் ஓரத்து நாற்காலியில் விருந்தினரைப்போல் அமர்ந்திருக்கின்றனர்.

இந்த வாட்டத்துக்கு மருந்து பெரியாழ்வாரிடம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்துச் சாத்திய அடியவர் அவர். அந்நந்தவனத்துத் துளசிச் செடியருகே கிடைத்த பெண் மகவை ஆண்டாளாக வளர்த்தெடுத்தவரும் அவரே. குழந்தை வளர்ப்பு அவருக்கு ஏட்டறிவு அன்று. கருடன்மேல் எழுந்தருளிய பெருமானைக் கண்டபோது அவர் வரம் ஏதும் கேட்கவில்லை. இந்த அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார் என்று குருபரம்பரை கூறும். காக்கும் கடவுளுக்கே காப்புச் செய்யத் துடித்த அந்த நெஞ்சம், பெற்ற தாயின் நெஞ்சம்.

திருப்பல்லாண்டையும் சேர்த்து அவர் அருளிய பாசுரங்கள் 473. அவற்றின் முற்பகுதியில் அவர் யசோதையாகவே மாறிவிடுகிறார். தொட்டிலில் இட்டுத் தாலாட்டுகிறார், அம்புலியை அழைக்கிறார், சப்பாணி கொட்டச் சொல்கிறார், தளர்நடை கண்டு மகிழ்கிறார். காது குத்தும் பதிகத்தில் கேசவன் முதல் தாமோதரன் வரை பன்னிரு திருநாமங்களையும் வரிசையாகச் சொல்லிக் குழந்தையை அழைக்கிறார். தலை வாரும்போது காக்கையைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டுகிறார். அந்தி நேரத்தில் வெளியே நிற்கும் பிள்ளையைக் காப்பிட்டுக்கொள்ள வரும்படி அழைக்கும் பதிகம், திருவெள்ளறைப் பெருமானைப் பாடுவதாக அமைந்தது.

இவற்றுள் நீராட்டப் பதிகம் தாத்தா பாட்டிகளுக்கென்றே பாடியதுபோல் இருக்கிறது. கண்ணன் உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக ஓடுகிறான். அன்னை எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருக்கிறாள். இன்று நீ பிறந்த திருவோணம், ஓடாமல் நீராட வா என்று கெஞ்சுகிறாள். அப்பமும் இனிப்பும் செய்து வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். ஆயர்பாடித் தலைவனின் மனைவி அவள். ஊரையே கூட்டி விழா எடுக்க அவளால் இயலும். ஆயினும் இப்பதிகம் காட்டும் பிறந்தநாளில் இருப்பவை எண்ணெய்க் கிண்ணம், வெந்நீர், ஒரு சிற்றுண்டி, பொறுமையோடு காத்திருக்கும் ஒரு தாய் போன்ற எளியவையே. திவ்யப் பிரபந்தத்தில் இடம்பெற அவையே போதுமானவையாக இருந்தன.

ஆகவே ஆங்கிலத் தேதி பெற்றோருடையதாக இருக்கட்டும். அவர்களுடைய நண்பர்கள் வரவும், ஊரார் வாழ்த்தவும் ஒரு நாள் வேண்டியதுதான். நட்சத்திர நாளை வீட்டுப் பெரியவர்கள் தமதாக்கிக்கொள்ளலாம். நட்சத்திரங்கள் 27 நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு சுற்று வருவதால், ஒரே தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் இருமுறை வருவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் இரண்டாவதையே பிறந்தநாளாகக் கொள்வது வழக்கம். குடும்ப வழக்கம் வேறாயின் அதன்படி செய்யலாம்.

அன்று செய்ய வேண்டியவை எளியவை. உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு உச்சியில் வைத்து, சூடு பார்த்த வெந்நீரில் குழந்தையை நீராட்டலாம். குழந்தை அழுது மறுத்தால் உச்சியில் ஒரு துளி வைப்பதே போதும். யசோதையும் அதட்டவில்லை, கெஞ்சவே செய்தாள். ஒரு கரண்டி பாயசம் நிவேதனம் செய்து ஊட்டலாம். மாலையில் கோயிலுக்குச் சென்று, பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யலாம். அலுவலகம் சென்ற மகனும் மருமகளும் திரும்பி வந்ததும் பிரசாதத்தை அவர்கள் கையில் கொடுத்தால் போதும். "நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள்" என்ற சொல் மட்டும் அதனுடன் சேர வேண்டாம். அச்சொல் பிரசாதத்தின் இனிப்பைக் கெடுத்துவிடும்.

பேரன் கடல் கடந்த ஊரில் இருந்தால் எண்ணெய் வைக்கக் கை எட்டாது. ஆனால் யசோதையைப் பாடிய பெரியாழ்வாருக்கும் ஆயர்பாடி எட்டாத தொலைவில்தான் இருந்தது. காலத்தாலும் இடத்தாலும் அகன்று நின்ற குழந்தையை அவர் வில்லிபுத்தூரில் இருந்தபடியே நீராட்டினார், தலை வாரினார், பூச்சூட்டினார், காப்பிட்டார். அந்தக் காப்பு எட்டவில்லை என்று எவரும் சொன்னதில்லை. உள்ளூர்ச் சன்னதியில் நின்று பேரனின் நட்சத்திரத்தைச் சொல்லும் பாட்டியின் குரலும் அவ்வாறே சேர வேண்டிய இடத்தைச் சேரும்.