நூரெம்பெர்க்கில் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர்

நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சில். அதன்பின் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளினேன். அதனால் வரலாறு படித்தாலும் என் கண் முதலில் போவது, யார் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதில்தான்.

ஆன்ரி தொன்தியே தெ வாப்ர் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1880இல் நீம் நகரில் பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டப் பேராசிரியர். நாடுகளுக்கிடையே நடக்கும் குற்றங்களை விசாரிக்க நிரந்தர நீதிமன்றம் வேண்டும் என்று 1920களிலேயே எழுதியவர். உலகப் போர் முடிந்து, நாஜித் தலைவர்களை விசாரிக்க நூரெம்பெர்க்கில் நான்கு நாடுகள் சேர்ந்து நீதிமன்றம் அமைத்தபோது, பிரான்ஸ் இவரை நீதிபதியாக அனுப்பியது. பழைய படங்களில் அந்தத் தொங்கு மீசையைப் பார்த்தால் யாரோ கிராமத்து நோத்தேர் என்றுதான் தோன்றும்.

அங்கே அவர் செய்த பெரிய காரியம், "சதி" என்ற குற்றச்சாட்டை எதிர்த்தது. அமெரிக்கர்கள் எல்லாக் குற்றங்களையும் ஒரே சதியாகக் கட்டி, குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேர் மீதும் போட்டிருந்தார்கள். ஒருவன் சதியில் சேர்ந்தான் என்று காட்டிவிட்டால், மற்றவன் செய்ததற்கும் அவன் பொறுப்பாகிவிடுவான். பிரெஞ்சுச் சட்டம் அப்படிப் போவதில்லை. நீ என்ன செய்தாய் என்றுதான் கேட்கும். புதுச்சேரியில் 1963 வரை பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் பிடிபடும்.

அறைக்குள் நடந்த அந்த வாதத்தில் அவருக்குப் பாதி வெற்றி. ஆக்கிரமிப்புப் போர் தொடுக்கத் திட்டமிட்டதற்கு மட்டும் சதிக் குற்றம் செல்லும், மற்றவற்றுக்குச் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 22 பேரில் 8 பேர்தான் அந்தக் குற்றச்சாட்டில் சிக்கினார்கள். குற்றவாளிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 12 பேருக்குத் தூக்கு, 7 பேருக்குச் சிறை. மூன்று பேர்தான் விடுதலை. இந்த விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

ஆனால் ஹான்ஸ் ஃபிராங்க் விஷயம் எனக்கு உறுத்துகிறது.

ஃபிராங்க், ஹிட்லரின் வக்கீலாக இருந்தவன். பின்னால் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் கவர்னர் ஜெனரல். அங்கே யூதர்களுக்கும் போலந்து மக்களுக்கும் நடந்த கொடுமைகள் அவனுடைய நாட்குறிப்பிலேயே இருக்கின்றன. அதற்கு முன், ஜெர்மானியச் சட்டத்துக்கென்று பெர்லினில் அவன் தலைமையில் ஒரு கழகம் இருந்தது. 1935இல் அவன் அழைப்பின் பேரில் அங்கே போய்ச் சொற்பொழிவாற்றியவர் நம் பேராசிரியர்! பத்து ஆண்டுகள் கழித்து, அழைத்தவன் கூண்டில், போனவர் மேடையில்.

அந்தக் காலத்தில் பேராசிரியர்கள் இப்படி ஊர் ஊராகப் போவது சகஜம்தான். போனதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்டனை பற்றிப் பேசியபோது ஃபிராங்குக்குத் தூக்கு வேண்டாம், ஆயுள் போதும் என்றார் அவர். அமெரிக்க நீதிபதி பிடிலுக்கே அந்தப் பரிவு விசித்திரமாகப் பட்டது. தண்டனைக்கு நான்கு பேரில் மூன்று பேர் சம்மதித்தால் போதும் என்பது விதி. 1946 அக்டோபர் 16 அன்று ஃபிராங்க் தூக்கிலிடப்பட்டான்.

மனசாட்சிப்படிதான் சொல்லியிருப்பார். இருக்கட்டும். எங்கள் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ஒப்பந்தப் புள்ளிகளைப் பிரித்தபோது ஒன்று அவர் சம்பந்தியுடையது என்று தெரிந்ததும், கோப்பில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடைசியில் குறைந்த தொகை கேட்டிருந்த அந்தச் சம்பந்திக்கே வேலை கிடைத்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் ஊரே பேசியிருக்கும், அதே முடிவுக்கு.

நூரெம்பெர்க்கில் இன்னொரு சிக்கல். நீதிபதிகளை ஆட்சேபிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சாசனத்தின் 3ஆம் பிரிவே சொல்லிவிட்டது. வக்கீலும் கேட்க முடியாது, கைதியும் கேட்க முடியாது. ஆகவே ஃபிராங்க் ஒருவன் விஷயத்திலாவது ஒதுங்கிக்கொள்வதா என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்திலேயே மாற்று நீதிபதி ரொபேர் ஃபால்கோ ஆரம்பம் முதல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்களிக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சோவியத் நீதிபதி நிகிச்சென்கோ, சாசனத்தை எழுதியவர்களில் ஒருவராக இருந்துவிட்டு, ராணுவ உடையிலேயே மேடை ஏறியவர். அவரைச் சொல்லாமல் இவரை மட்டும் சொல்வதா என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. இவர் குற்றவியல் சட்டத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவர்.

ஊர் திரும்பிய பிறகு, தான் உட்கார்ந்த நீதிமன்றத்தின் குறைகளை அவரே வெளிப்படையாக எழுதினார். 1947இல் இனப்படுகொலை ஒப்பந்தத்தின் முதல் வரைவுக்கு உதவிய மூன்று நிபுணர்களில் ஒருவர். அதே ஆண்டு நிரந்தரக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்று ஐ.நா. குழுவிடம் மறுபடியும் கேட்டார். 1952இல் காலமானார். அந்த நீதிமன்றம் 2002இல்தான் ஹேக் நகரில் வந்தது. நடுநிலையில் நியாயமான சந்தேகம் எழக்கூடிய வழக்கில் நீதிபதி உட்காரக் கூடாது என்றும், ஆட்சேபிக்கும் உரிமை அரசுத் தரப்புக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு என்றும் அதன் சட்டத்தில் 41ஆம் பிரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.