மேசைமேல் ஓடும் மறைந்த இயந்திரம்

வயது முதிர்ந்த ஒருவர் மேசைமேல் தண்டவாளம் பரப்பி, கையளவேயான புகையிரதத்தை ஓட்டி மகிழ்வதைக் கண்டால் நம்மிற் பலர் நகைப்பர். "பிள்ளைகளின் விளையாட்டுப் பண்டம் பெரியவர்க்கு எதற்கு?" என்று கேட்பாரும் உளர். பிரெஞ்சு நீராவி இயந்திரங்களின் மாதிரிகளைச் சேகரித்து ஓட்டுவோரின் முயற்சியைச் சிறிது அறிந்தோமாயின், அந்நகைப்பு நம்மைவிட்டு அகலும்.

முதலில் அவற்றின் பெயரை நோக்குவோம். பிரித்தானியர் இயந்திரத்தின் சில்லுகளை எண்ணிப் பெயரிடுவர். பிரெஞ்சுக்காரரோ அச்சுகளை எண்ணுவர். ஆகவே முன்னவர் 2-8-2 என்று குறிப்பதைப் பின்னவர் 141 என்பர். முன்னே ஓர் அச்சு, நடுவே இயக்கும் அச்சுகள் நான்கு, பின்னே ஓர் அச்சு. இதனை அறிந்த மாணவன், மாதிரியின் பக்கத்திலுள்ள எண்ணைக் கண்டவுடனே அதன் அமைப்பையும் உணர்ந்துகொள்வான்.

சேகரிப்போர் பெரிதும் விரும்பும் 141 ஆர் இனத்தின் பின்னே ஒரு தேசத்தின் துயரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் புகையிரதப் பாதைகளும் இயந்திரங்களும் பெருமளவில் அழிந்தன. அந்நாட்டின் தேவைக்காக 1945 தொடக்கம் 1947 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,340 இயந்திரங்கள் கட்டப்பட்டன. கரை சேர்ந்தவை 1,323 மட்டுமே. எஞ்சிய 17 இயந்திரங்களும் 1947 ஏப்ரலில் பெல்பமேலா என்னும் கப்பலோடு அத்திலாந்திக் சமுத்திரத்தில் மூழ்கின. இவ்வினத்தைச் சேர்ந்த சில இயந்திரங்கள் பிரான்சில் இன்றும் பேணப்படுகின்றன.

ஆனால், 242 ஏ 1 என்னும் இயந்திரத்துக்கு அந்தப் பேறும் கிடைக்கவில்லை. அதனை ஆக்கியவர் அந்திரே ஷப்லோன் (1892-1978) என்னும் பொறியியலாளர். கொதிகலனிலிருந்து உருளைக்கும், உருளையிலிருந்து புகைபோக்கிக்கும் நீராவி தடையின்றிச் செல்லுமாயின், அதே நிலக்கரியைக்கொண்டு கூடிய வேலையைப் பெறலாம் என்பது அவர் கண்ட உண்மை. 1929இல் பழைய இயந்திரமொன்றை அவ்வாறு திருத்தி, அதன் வலுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிக் காட்டினார். 1946இல் வெளிவந்த 242 ஏ 1 அவருடைய உழைப்பின் சிகரம். உயர் அழுத்த உருளையொன்றிற் பயன்பட்ட நீராவி, தாழ் அழுத்த உருளைகள் இரண்டிற் புகுந்து மீண்டும் வேலை செய்தது. சோதனை ஓட்டங்களில் அதன் இழுவை வலு 4,000 குதிரைவலுவை எட்டியது.

எனினும் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பிரான்ஸ் மின்சாரப் புகையிரதத்தை நாடியது. 1952இல் பாரிஸ்-லியோன் பாதை மின்மயமாயிற்று. இணையற்ற அந்த இயந்திரம் 1960இல் உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டது. தமது அரும்படைப்பு உடைபட்ட பின்னும் ஷப்லோன் 18 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். இன்று 242 ஏ 1 ஐக் காண விரும்புவோர் எந்த நூதனசாலைக்குச் சென்றும் பயனில்லை. படங்களிலும் மாதிரிகளிலுமே அதனைக் காணலாம்.

மாதிரியை ஓட்டுதற்கும் பொறுமை வேண்டும். எச்.ஓ. என்னும் அளவில் யாவும் 87இல் ஒரு பங்காகச் சுருங்கும். 1,435 மில்லிமீற்றர் அகலமான தண்டவாளப் பாதை 16.5 மில்லிமீற்றராகிவிடும். நீண்ட இயந்திரத்தை ஒடுங்கிய வளைவில் விட்டால் அது தடம்புரளும். அகன்ற வளைவே அதற்குப் பொருந்தும். தண்டவாளத்திற் தூசி படிந்தால் மின்சாரம் தடைப்படும். ஆதலால் அதனை அடிக்கடி துடைத்தல் வேண்டும். விசையையும் மெல்ல மெல்லவே கூட்டவேண்டும். நூறு தொன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள இயந்திரம் முயலைப்போலப் பாய்ந்து புறப்பட்டதுண்டோ? மெல்ல அசைந்து, பாரத்தை உணர்ந்து இழுப்பதே அதற்கு அழகு. அந்த அழகை மேசைமேற் காண்பவனே நல்ல சேகரிப்பாளன்.

மாணவர்களே! பயன் தீர்ந்தது என்று ஒரு பொருளை அழிக்க ஒரு நாள் போதும். அதன் உருவத்தையேனும் மீட்பதற்கு, பழைய வரைபடங்களைத் தேடி, புகைப்படங்களை ஒப்புநோக்கி, ஆணிகளையும் குழாய்களையும் எண்ணிப் பல ஆண்டுகள் உழைக்கவேண்டியிருக்கிறது. அவ்வாறு உழைத்தாலும் மீள்வது உருவமே. அந்த நீராவியின் முழக்கம் மீள்வதில்லை. ஆகவே, எதனையும் உடைப்பதற்கு முன் ஒருகணம் சிந்திப்போமாக.