டில்லியில் ஒரு வழக்கு, நியூயார்க்கில் ஒரு வழக்கு

பத்திரிகைகளின் செய்திகளைக் கேளாமல் பிரதி எடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு யந்திரத்துக்குப் பேசப் பழக்கினால், அது பதிப்புரிமை மீறலா, நியாயமான உபயோகமா? இந்தக் கேள்வி இரண்டு நாடுகளின் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது.

2023 டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை, ‘சாட்ஜிபிடி’யை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் மீதும் மைக்ரோசாப்ட் மீதும் நியூயார்க் பெடரல் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், அதே ஓப்பன் ஏஐ மீது டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்து ரூ.2 கோடி நஷ்டஈடு கோரியது. வாதிகள் வேறு, புகாரின் சாரம் ஏறத்தாழ ஒன்றே. அனுமதி இல்லாமல், பணமும் கொடுக்காமல் எங்கள் உழைப்பை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அது. பொதுவில் கிடைப்பதைப் படித்துக் கற்பது குற்றமாகாது, செய்தியில் உள்ள தகவல் யாருக்கும் தனிச் சொத்தல்ல என்பது பிரதிவாதியின் பதில்.

டில்லியில் பிரதிவாதி எழுப்பிய ஆட்சேபங்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. தன் கம்ப்யூட்டர்கள் இந்தியாவில் இல்லை. ஆகவே டில்லி கோர்ட்டுக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்பது ஒன்று. மற்றது இன்னும் விசித்திரமானது. ஏ.என்.ஐ. செய்திகளை அழிக்கும்படி டில்லி உத்தரவிட்டால் அது அமெரிக்கச் சட்டத்துக்கு முரணாகும். அங்கே வழக்கு நடப்பதால் அந்த விவரங்களைப் பாதுகாத்தே தீர வேண்டும் என்று 2025 ஜனவரியில் அது எழுத்து மூலம் தெரிவித்தது.

இரண்டாவது ஆட்சேபத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. சாட்சியத்தை அழிக்கலாகாது என்பது எந்த நாட்டிலும் விதிதான். ஆனால் வழக்குப் பொருளைப் பூட்டி வைப்பது வேறு, அதை வைத்துக் கடை நடத்துவது வேறு. அழிக்க முடியாது என்பதால் உபயோகித்துக்கொண்டே இருக்கலாம் என்று ஆகிவிடாது.

முதல் ஆட்சேபத்துக்கு நம் சட்டத்திலேயே பதில் தேடலாம். 1957ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62வது பிரிவு, வாதி தான் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்துக் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. அந்நிய நாட்டுக் கோர்ட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தாலும், அதே விஷயத்தை இந்தியக் கோர்ட்டு விசாரிக்கத் தடையில்லை என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 10வது பிரிவின் விளக்கம் கூறுகிறது.

அமெரிக்கக் கோர்ட்டின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் பார்க்க வேண்டும். 2025 மே மாதத்தில், ‘சாட்ஜிபிடி’யின் உரையாடல் பதிவுகளை அழிக்கக் கூடாது என நியூயார்க் கோர்ட்டு உத்தரவிட்டது. சில மாதங்களில் அக்கட்டாயம் நீங்கிவிட்டது என்றாலும், அதுவரை அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் பதிவுகளும் அதில் அடங்கின. எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தட்டெழுதியதை நியூயார்க் தொடலாம், டில்லியில் எழுதிய செய்தியை டில்லி தொடக் கூடாது என்பது என்ன நியாயம்?

இரு நாட்டுச் சட்டமும் ஒன்றாக இருந்தால் எங்கே தீர்ப்பு வந்தாலும் ஒன்றுதான் என்று இருக்கலாம். அப்படி இல்லை. அமெரிக்கச் சட்டம் உபயோகத்தின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் எடை போடச் சொல்கிறது. நம் சட்டத்தின் 52வது பிரிவோ சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று விதிவிலக்குகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. யந்திரப் பயிற்சி அப்பட்டியலில் பெயரோடு இல்லை. ஏதேனும் ஒரு தலைப்பின் கீழ் அடங்குமா என்பதே சிக்கல். பாதுகாப்புக் கோரும் நாட்டின் சட்டமே செல்லும் என்பது, இரு நாடுகளும் ஏற்ற பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படை.

வழக்குகள் ஒருபுறமிருக்க, பேரமும் நடந்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துடன் 2023ல், நியூஸ் கார்ப்புடன் 2024ல் ஓப்பன் ஏஐ ஒப்பந்தம் செய்துகொண்டது. பெரியவர்களுக்கு விலை கிடைத்தது. தாலுகா ஊரிலிருந்து செய்தி அனுப்பும் நிருபர், அதைத் திருத்தும் பிழை திருத்துனர், மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியர் ஆகியோருக்குச் சம்பளம் தரும் சிறு பத்திரிகைக்கு அந்தப் பேரத்தில் இடம் ஏது? வெளி மாநிலத்தில் குமாஸ்தாவாகவும் தொழிலாளியாகவும் இருக்கும் தமிழனுக்குச் சொந்த ஊர்ச் சேதி வந்து சேருவது இவர்கள் கையால்தான்.

டில்லிக்கு அதிகாரமில்லை என்று முடிவானால், இத்தகைய பத்திரிகை டாலரில் வக்கீல் வைத்து அமெரிக்காவில் வழக்காட வேண்டும். அது நடக்கிற காரியமல்ல. தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி. அது இங்கே, இந்தியச் சட்டப்படி சொல்லப்பட வேண்டும்.