அங்கே பண்பாடு, இங்கே ஊழியமா?

அமெரிக்கத் தமிழர் விழாக்களில் இன்று பறை முழங்குகிறது. வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள் சனி, ஞாயிறுகளில் கூடி அடி பழகுகிறார்கள். பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். மேடையில் ‘ஆதித் தமிழரின் இசை’ என்று பெருமையோடு அறிமுகம் செய்கிறார்கள். நல்லது, வரவேற்போம்.

அவர்களில் சிலர் பங்குனியிலோ சித்திரையிலோ மூன்று வார விடுப்பில் மதுரையைச் சுற்றியுள்ள தங்கள் ஊர்களுக்குத் திருவிழா பார்க்க வருகிறார்கள். முளைப்பாரி, கரகாட்டம், நையாண்டி மேளம், இரவு பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘சிங்கப்பூர்’, ‘துபாய்’ என்று அச்சாகியிருக்கும். கச்சேரி உபயம் என்றால் ஃபிளெக்சில் முகமும் இருக்கும். அந்த நோட்டீசில் கொட்டு அடிப்பவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். வாணவேடிக்கைக்காரரின் பெயர் இருக்கும், மைக்செட்காரரின் பெயர் இருக்கும். நாள் முழுக்க வெயிலில் நின்று அடிக்கிறவருக்கு மட்டும் பெயர் இருக்காது. அவர் எங்கே நிற்கிறார், எங்கே சாப்பிடுகிறார், அவரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அப்பா வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் ‘டேய்’ என்று கூப்பிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

கடல் தாண்டினால் அது கலை, ஊருக்குள் வந்தால் அது சாதி விதித்த ஊழியம். அங்கே கைதட்டுகிற அதே ஆள் இங்கே கண்டுகொள்வதில்லை. நம் கேள்வி இந்த இரட்டை வேடத்தைப் பற்றியதுதான்.

பறையின் இன்றைய பெருமையை வெளிநாட்டு மேடைகள் உண்டாக்கவில்லை. ‘சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று மறுத்தவர்கள்தான் அதற்கு வழி திறந்தார்கள். கடந்த நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் அந்தப் போராட்டத்தை முன்னெடுத்தார். கட்டாயமாக அடிக்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை வந்த பிறகுதான், விரும்பி அடிக்கிறோம் என்று சொல்வதற்குப் பொருள் வந்தது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அரசு விருது கொடுத்துவிட்டது. ஊர் எப்போது மரியாதை கொடுக்கும்?

“இசைக்குள் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். இழுத்தது நாமல்ல. 1946இல் திருவையாறு தியாகராஜர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியதற்கே சன்னிதி தீட்டுப்பட்டுவிட்டது என்றார்கள். பெரியார் அதைக் ‘குடிஅரசு’ இதழில் கண்டித்தார். இன்றைக்கு வருவோம். திருவிழா ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குகள் போகின்றன. சாதியை முன்னிறுத்தும் பாட்டோ நடனமோ கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் நீதிமன்றம் அனுமதி தந்திருக்கிறது. பாட்டில் சாதி இல்லையென்றால் இந்த நிபந்தனை எதற்கு? தன் சாதிப் பெருமை பேசும் பாட்டைக் குழாய் ஒலிபெருக்கியில் சேரியைப் பார்த்துத் திருப்பி வைப்பவனுக்கு அது வெறும் பாட்டில்லை என்று நன்றாகவே தெரியும்.

‘நாங்கள் சாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்’ என்பது இன்னொரு பதில். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றமும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதில் கையெழுத்திட மறுத்தார். அந்த மசோதாவை முன்னணியில் நின்று எதிர்த்தவை அங்குள்ள இந்து அமைப்புகள். சாதியை ஊரிலேயே விட்டுவிட்டவர்களுக்குச் சாதிக்கு எதிரான சட்டத்தைக் கண்டு என்ன பயம்?

தோழர்களே, இது நன்கொடை கொடுக்கும் தலைமுறைக்கு மட்டுமான கேள்வியல்ல. வெளிநாட்டில் படிக்கிற, வேலை பார்க்கிற நமக்கும்தான். கொட்டு அடிக்க மறுக்கிற தலித் இளைஞனுக்குக் கூலி போகும், சில இடங்களில் அடியும் விழும். உள்ளூரில் வாழ்ந்துகொண்டே எதிர்த்துப் பேசுகிற பிற சாதி இளைஞனை ஊர் ஒதுக்கி வைக்கும். விடுப்பு முடிந்து விமானம் ஏறப்போகிறவர் எதை இழப்பார்? ஊரில் அம்மா, அப்பா இருக்கிறார்கள் என்பது உண்மையான கவலைதான். அதனால்தான் தனியாகச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அந்த ஊரிலிருந்து வெளியே போன நான்கு பேர் சேர்ந்து, பணம் அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள் என்கிறோம்.

என்ன கேட்பது? சேரி மக்களிடமும் தலைக்கட்டு வரி வாங்கப்படுகிறதா? வரியை வாங்க மறுப்பதே ‘உனக்கு இந்தத் திருவிழாவில் பங்கில்லை’ என்று சொல்லும் பழைய தந்திரம். சாமி அவர்கள் தெருவுக்குள் போகிறதா? பறைக் கலைஞரின் பெயர் நோட்டீசில் வருமா? ஊதியத்தைப் பேசி முடிவு செய்கிறவர் அவரா, ஊர் நாட்டாமையா? எல்லோருக்கும் ஒரே பந்தியா? இவற்றுக்கு ஒழுங்கான பதில் வரும்வரை ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.

‘ஊர் வழக்கத்தை மாற்ற முடியாது’ என்பார்கள். 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டோர் வைத்தியநாதய்யருடன் மீனாட்சி கோயிலுக்குள் நுழையும்வரை அதுவும் மாற்ற முடியாத வழக்கமாகத்தான் இருந்தது. மார்கழி என்றாலே சபாக்களுக்குச் சொந்தம் என்பதும் அப்படித்தான் இருந்தது. 2020இல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. 2021இல் அது மதுரைக்கும் கோவைக்கும் வந்தது. கானாவும் ஒப்பாரியும் பறையும் அதே மார்கழியில் மேடையேறின. கலைஞர்கள் பெயரோடும் மரியாதையோடும் நின்றார்கள். விடுப்பில் வருகிறவர்கள் அந்த மேடைக்கு முன்னால் உட்காரலாம், அந்த மேடைக்குப் பணமும் கொடுக்கலாம்.

திருவிழாவுக்கு வாருங்கள், ஆடுங்கள், பாடுங்கள். நியூஜெர்சியில் பறையைக் கையில் எடுக்கும்போது நிமிர்கிற தலை, சொந்த ஊரில் பறையடிக்கிறவருக்கு முன்னால் கொஞ்சம் தாழட்டும். அவரோடு ஒரே பந்தியில் உட்கார முடியாதென்றால், அங்கே அந்தக் கருவியைத் தொடும் உரிமையும் உங்களுக்கு இல்லை.