கையுறைக்கு ஈடாகுமா மாத்திரை?



தோட்டத்தை விட்டுச் செந்தூலுக்குக் குடிவந்த ஒரு தாயார் அண்மையில் நம்மிடம் கேட்டார்: "இருபது வருசம் மருந்தடிச்ச ஒடம்புங்க. ராத்திரி தூங்கப் போடுற மெலடோனின் மாத்திரை ஒடம்புல உள்ள விஷத்தை முறிக்குமாமே, நெசமா?"

நியாயமான கேள்வி. பதிலைக் கேளுங்கள்.

மெலடோனின் நம் உடம்பிலேயே ஊறுவது. இருட்டியதும் மூளைக்குள் இருக்கும் அரிசியளவுச் சுரப்பி ஒன்று அதைச் சுரந்து, தூங்கும் நேரம் வந்ததென்று உடம்புக்குச் சொல்கிறது. 1958இல் அமெரிக்க டாக்டர் ஆரோன் லெர்னர் அதைக் கண்டுபிடித்தார். உடம்பை உள்ளுக்குள் அரிக்கும் நச்சுத் துகள்களையும் அது அடக்குகிறது என்று 1990களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அந்த ஆராய்ச்சியில் நமக்குப் பழக்கமான பெயர் ஒன்றும் உண்டு: பாராகுவாட். 'கிராமக்சோன்' என்று பம்பில் ஊற்றி முதுகில் சுமந்தோமே, அதேதான். அது நுரையீரலில் புகுந்தால், நாம் இழுக்கும் பிராணவாயுவையே நஞ்சாக்கி, நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. பாராகுவாட் கொடுத்த எலிகளுக்கு மெலடோனினும் கொடுத்தபோது சேதம் குறைந்தது. உண்மைதான்.

ஆனால் அது எலிக்கூண்டில் நடந்த கதை. மருந்தடிக்கும் மனிதரை மாத்திரை காப்பாற்றும் என்பது நிரூபணமாகவில்லை. என்றோ பட்ட சேதத்தை ஆற்றும் என்பதற்கும் ஆதாரமில்லை.

பாராகுவாட்டிலிருந்து நம்மைக் காத்தது எது? தடைதான். 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அதற்குள் எத்தனை பெண்கள் மூக்கில் இரத்தம் வடிய, நகம் கழல மருந்தடித்தார்கள்!

இன்று கிளைபோசேட், குளுபோசினேட் என்று பெயர் மாறியிருக்கிறது. நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் பம்பைத் தூக்காதீர்கள். 1994ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி நிர்வாகம் கொடுக்கவேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்கு உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது. பிடித்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

கேள்வி கேட்ட தாயாருக்கு ஒரு வார்த்தை: இரவில் விளக்கையும் கைபேசியையும் அணைத்துவிட்டுப் படுங்கள், மெலடோனின் காசில்லாமல் ஊறும். இருமலோ மூச்சு வாங்குதலோ இருந்தால் மாத்திரையை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய், "நான் இருபது வருசம் மருந்தடிச்சவ" என்று முதலில் சொல்லுங்கள்.

விஷத்தை வாசலிலேயே மறிப்பதுதான் நல்ல வைத்தியம்.