‘குணமாகிவிட்டது’: ஒரு துணைவினையின் விலை

மும்பை செம்பூரில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு 6 ஆண்டுகளுக்கு முன்பு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு நீரிழிவு வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாளுக்கு இருமுறை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். அறுவைக்குப் பிறகு, எடை குறையத் தொடங்குவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கியது. மூன்று மாதங்களில் இன்சுலினும் மாத்திரையும் நின்றன. அவருடைய மருத்துவக் குறிப்பில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொல் ‘ரெமிஷன்’. அதை அவருக்கு விளக்கிய ஆலோசகர் இந்தியில் சொன்னது, ‘டீக் ஹோ கயா’. அன்றிரவு தொலைபேசியில் பெரியம்மா எங்களிடம் சொன்னது, “சுகர் போயிடுச்சு.”

போன வருடம் கண் மங்குகிறது என்று போனபோதுதான் தெரிந்தது, சர்க்கரை திரும்ப வந்து வெகுநாளாகியிருந்தது என்று. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. போய்விட்ட நோய்க்கு யாராவது பரிசோதனை செய்வார்களா? அவருடைய அனுமதியுடன் இதை எழுதுகிறேன். மருத்துவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கும் இந்தியிலிருந்து தமிழுக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்த வழியைப் பற்றிப் பேசும் கடமை மொழியியல் படித்த எனக்கு உண்டு.

முதலில் மருத்துவ உலகம் இந்தச் சொல்லுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்க்கலாம். 1995-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டர் போரீஸ் தலைமையிலான குழு, இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 608 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கட்டுரை வெளியிட்டது. உடல் பருமனுக்காகச் செய்த அறுவை, அவர்களில் நீரிழிவு இருந்தோரில் பெரும்பாலோரின் சர்க்கரையை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. அதுவரை வாழ்நாள் முழுவதும் மோசமாகிக்கொண்டே போகும் என்று கருதப்பட்ட ஒரு நோய் பின்வாங்கியதைக் கண்டு ‘குணம்’ என்ற சொல் எல்லோர் நாவிலும் வந்தது. 2009-இல் அமெரிக்க நீரிழிவுக் கழகம் கூட்டிய வல்லுநர் குழு அந்தச் சொல்லை அப்படியே ஏற்கத் தயங்கி, பகுதித் தணிவு, முழுத் தணிவு, நீடித்த தணிவு என்று படிநிலைகளை வகுத்தது. 2021-இல் பல நாட்டு அமைப்புகளின் கூட்டறிக்கை அதை எளிமையாக்கியது. மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதங்கள் கழித்தும் எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சராசரி அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது ‘ரெமிஷன்’. குணம், மீட்பு, தீர்வு ஆகிய பொருள் தரும் பிற சொற்களையும் பரிசீலித்த பிறகே அந்தக் குழு இதைத் தேர்ந்தது. அதோடு, இந்நிலையில் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனைகளைத் தொடர வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வல்லுநர்கள் பல ஆண்டுகள் விவாதித்திருக்கிறார்கள். நம் மொழிகளில் அது ஓர் ஆலோசகரின் அந்த நேரத்து வாய்ச்சொல்லாக முடிந்துபோகிறது.

அந்த எச்சரிக்கை தேவையற்றதன்று என்பதை எண்கள் சொல்கின்றன. ஸ்வீடனில் பருமனுள்ளவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளில் 72.3 விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டில் தணிவு நிலையில் இருந்தனர். 15-ஆம் ஆண்டில் அது 30.4 விழுக்காடாகக் குறைந்தது. அறுவை செய்துகொள்ளாதவர்களில் இதே அளவுகள் 16.4, 6.5. இத்தாலியில் 60 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2021-இல் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 37.5 விழுக்காட்டினர் பத்தாண்டு முழுவதும் தணிவு நிலையிலேயே இருந்தனர். இரண்டாம் ஆண்டில் தணிவு கண்டிருந்த 34 பேரில் 20 பேருக்குப் பின்னர் சர்க்கரை மீண்டது.

காரணமும் விளங்காததன்று. ‘ஸ்லீவ்’ எனப்படும் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து ஒரு குழலாக்குகிறார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் செல்லும்படி இணைக்கிறார்கள். உண்ணும் அளவு திடீரெனக் குறைவதாலும், ஜிஎல்பி-1 போன்ற குடல் இயக்குநீர்கள் கூடுதலாகச் சுரப்பதாலும் சர்க்கரை விரைந்து இறங்குகிறது. ஆனால் இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்கள் பல ஆண்டு நோயில் இழந்த திறன் அனைத்தையும் அறுவை மீட்டுத் தந்துவிடுவதில்லை. எனவேதான் நோய் வந்து நெடுங்காலம் ஆனவர்களுக்கும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் தணிவு கிட்டும் வாய்ப்பு குறைவு. கிட்டினாலும் நிலைக்கும் வாய்ப்பு குறைவு. என் பெரியம்மா இந்த இரண்டு வகையிலும் அடங்குவார்.

இனி மொழிக்கு வருகிறேன். ‘ரெமிஷன்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது. தணிதல், அடங்குதல், ஆறுதல், தீர்தல் என்று நோயின் போக்கைப் படிப்படியாகச் சொல்லும் வினைகள் நம்மிடம் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் நோயைப் பற்றிப் பேசும் இடத்தில் வள்ளுவர் ஆண்ட வினையும் ‘தணி’ என்பதே. தணிந்தது மறுபடி மூளும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தீயும் தாகமும் சினமும் தணிபவை. அவற்றில் எதுவும் ஒரேயடியாகத் தீர்ந்துபோவதாக யாரும் எண்ணுவதில்லை.

ஆனால் பெயர்ச்சொல்லைத் திருத்துவதோடு வேலை முடியாது என்பதே என் வாதம். நம் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனையில் மனிதர்கள் பெயர்ச்சொல்லால் பேசிக்கொள்வதில்லை, வினைமுற்றால் பேசுகிறார்கள். ‘போயிடுச்சு’, ‘குணமாகிவிட்டது’ என்னும் வினைமுற்றுகளில் ஆபத்தான உறுப்பு ‘குணம்’ அன்று, ‘விடு’ என்னும் துணைவினை. தமிழ்த் துணைவினைகளை ஆராய்ந்தவர்கள், குறிப்பாக இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட நூலில், இவற்றின் நுட்பங்களை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். எளிமையாகச் சொன்னால், ‘விடு’ செயலை முடித்துக் கதவைச் சாத்துகிறது. இந்தியின் ‘ஹோ கயா’வில் உள்ள ‘ஜானா’ வினையும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. இத்தகைய கூட்டுவினை, குடும்பம் வேறான இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான கூறு என்பது நம் துறையில் பழைய செய்தி. எனவே ஆலோசகர் எந்த இந்திய மொழியில் பேசினாலும், கதவைச் சாத்தும் ஒரு வினை அவர் நாவில் எளிதாக வந்து நிற்கும். அது அவருடைய கவனக்குறைவு மட்டுமன்று. நற்செய்தி சொல்லும்போது நம் மொழிகள் இயல்பாகச் சாயும் பக்கம் அது.

மாற்றும் நம்மிடமே இருக்கிறது. ‘மழை நின்றுவிட்டது’ என்பதையும் ‘மழை நின்றிருக்கிறது’ என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வாக்கியத்தைக் கேட்டவர் குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார். இரண்டாவதைக் கேட்டவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். ‘இரு’ என்னும் துணைவினை, நடந்த ஒன்றின் விளைவு இப்போதைக்கு நிலவுகிறது என்று மட்டுமே சொல்கிறது. நாளையைப் பற்றி வாக்குறுதி தருவதில்லை. ‘சர்க்கரை தணிந்திருக்கிறது’ என்ற வாக்கியத்தில் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின் சாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

இலக்கணம் அறிந்த நண்பர்கள் ஒரு தடை எழுப்பலாம். ஈரத் தரையைப் பார்த்து ‘மழை பெய்திருக்கிறது’ என்கிறோமே, ‘இரு’ நேரில் காணாததைச் சான்றால் ஊகிப்பதையும் குறிக்குமே, இது குழப்பாதா? குழப்பாது, இங்கே அது கூடுதல் நன்மை. தணிவை யாரும் உடலில் உணர்ந்து அறிவதில்லை. இரத்தப் பரிசோதனை என்ற சான்றைக் கொண்டுதான் அறிகிறோம். அறுவைக்குப் பின் இரும்புச்சத்துக் குறைபாடு நேர்வது வழக்கம். அக்குறைபாட்டால் வரும் இரத்தசோகை எச்பிஏ1சி அளவையே பிறழச் செய்யக்கூடும். சான்று பழையதானால் கூற்றும் பழையதாகும் என்பதை ‘தணிந்திருக்கிறது’ தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது.

இன்னொரு தடை வலுவானது. நோயாளிக்கு நம்பிக்கை வேண்டாமா? ‘திரும்பவும் வரலாம்’ என்று சொன்னால் யார் வயிற்றை வெட்டிக்கொள்ள முன்வருவார்கள்? இந்தக் கேள்வியும் ‘சர்க்கரையை அடியோடு விரட்டுங்கள்’ என்னும் விளம்பரமும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: நோய் முழுதாக ஒழிந்தால்தான் சிகிச்சை வெற்றி என்ற எண்ணம். முன்பு சொன்ன ஆய்வுகளே இதை மறுக்கின்றன. ஸ்வீடன் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடம் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியளவே காணப்பட்டன. இத்தாலிய ஆய்வில் சர்க்கரை மீண்ட அந்த 20 பேரின் சராசரி எச்பிஏ1சி பத்தாம் ஆண்டில் 6.7 விழுக்காடுதான். நீரிழிவு உள்ள ஒருவருக்கு அது நல்ல கட்டுப்பாடு. தணிந்திருந்த ஒவ்வோர் ஆண்டும் உடலுக்கு ஆதாயமே. இதை நேர்மையாகச் சொல்வதில் போதிய நம்பிக்கை இருக்கிறது. பொய்யான முடிவைச் சொல்லி ஊட்டும் நம்பிக்கைதான் பின்னால் வட்டியுடன் வசூலாகிறது.

அந்த வட்டி கண்பார்வையோடு நிற்பதில்லை. நோய் திரும்பியது தெரிந்தபோது பெரியம்மா சொன்ன முதல் வாக்கியம், “நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்.” இனிப்பு சாப்பிட்டது, நடைப்பயிற்சியை விட்டது என்று தன் குற்றங்களை அடுக்கினார். பத்தாண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நேரும் ஒன்றைத் தன் ஒழுக்கக்கேடாக எடுத்துக்கொண்டார். ‘போய்விட்டது’ என்று சொன்னால், திரும்பி வருவதற்கு யாராவது கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் அல்லவா? ‘தணிந்திருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் அது நோயின் இயல்பாகவே தோன்றியிருக்கும். வெட்கமின்றி முன்னதாகவே மருத்துவரிடம் போயிருப்பார்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்களை 10.1 கோடி என்று மதிப்பிட்டது. 2016-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டல், ஆசியர்களுக்கு இந்த அறுவையைப் பரிந்துரைக்கும் உடல் நிறைக் குறியீட்டு வரம்புகளை 2.5 அலகு குறைத்தது. அறுவைக்குத் தகுதி பெறும் இந்தியர்களின் எண்ணிக்கை இதனால் கூடும். அவர்களில் பெரும்பாலோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் மொழி வேறு, நிலைமையைப் புரிந்துகொள்ளும் மொழி வேறு.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிதன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் கையில் அவருடைய மொழியில் ஒரு தாள் கொடுங்கள். அதில் நாளிட்டு, ‘இன்றைய பரிசோதனையின்படி உங்கள் சர்க்கரை தணிந்திருக்கிறது’ என்று எழுதுங்கள். அடுத்த பரிசோதனையின் தேதியை அதற்குக் கீழேயே எழுதுங்கள். கண், சிறுநீரகம், பாதம், இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றை எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். என் துறையினரிடம் கேட்பது இன்னொன்று: கலைச்சொல் பட்டியலோடு நிறுத்தாமல், நோயாளியிடம் பேசப்படும் வாக்கியத்தின் கடைசி உறுப்பு வரை போங்கள்.

பெரியம்மா இப்போது மீண்டும் மருந்து எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இடது கண்ணில் இழந்த பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ‘விட்டார்கள்’ என்று நான் எழுதியது தெரிந்தேதான். அந்தத் துணைவினைக்கு உரிய இடம் அது.

உங்கள் மொழியில், உங்கள் ஊரில், மருத்துவர்கள் இந்நிலையை எந்த வினையால் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.