ஏசி சூப்பர் மார்க்கெட்ல கொடுக்கிற கூடுதல் காசு உடம்புக்குப் போய்ச் சேருதா?

1/ போன வாரம் ஓ.பி.க்கு ஒரு அம்மா வந்தாங்க. 58 வயசு, சர்க்கரை நோயாளி. மூணு மாச சராசரி 9.8. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "கட்டுப்படியாகல டாக்டர், ரெண்டு மாசமா நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா நல்ல சாப்பாடா பெரிய கடையில வாங்குறோம்"னாங்க.

2/ பில்லையும் காட்டினாங்க. பிரவுன் சுகர், பிங்க் சால்ட், கினோவா, கிவி. 2,000 ரூபாய்க்கு மேல! அவங்களைக் குறை சொல்லல. விலை கூடினா சத்தும் கூடும்னு நாம எல்லாருமே நம்புறோம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

3/ பிரவுன் சுகர்: சர்க்கரையில கொஞ்சம் கரும்புப் பாகு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். கிராமுக்கு கிட்டத்தட்ட அதே 4 கலோரி. ரத்தச் சர்க்கரையும் அதே மாதிரி ஏறும்.

4/ பிங்க் சால்ட்: நம்ம இந்துப்புதான். சோடியம் ஏறக்குறைய சாதா உப்பு அளவே, அதனால பி.பி.க்கு நல்லதுன்னு நம்பாதீங்க. பெரும்பாலும் இதுல அயோடின் சேர்ப்பதில்லை. வீட்ல கர்ப்பிணி இருந்தா கவனம். சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் அவசியம்.

5/ கினோவா: நல்லதுதான். 100 கிராமில் சுமார் 14 கிராம் புரதம். பாசிப்பயறில் 22 கிராமுக்கு மேல். கிவி: 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 90 மி.கி. தள்ளுவண்டி கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல். விலையை நீங்களே ஒப்பிட்டுக்கோங்க.

6/ அப்போ பெரிய கடையே வேண்டாமா? அப்படியில்லை. மீன், கறி, பனீர் எல்லாம் குளிர் விடாம இருக்கணும். ஃப்ரீசரை ஒழுங்கா பராமரிக்கிற கடைக்குக் கூடுதலா கொடுக்கலாம், தப்பில்லை. காய்கறி, பருப்பு, உப்புக்கு அது தேவையில்லை. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்னைக்குப் பல ஊர்ல இருக்கு. காலையில போனா அன்னைக்குப் பறிச்ச கீரை கிடைக்கும்.

7/ அந்த அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே வந்து இலவசமா தர்றாங்க. இது தெரியாம மாத்திரையை நிறுத்தினவங்க உங்க தெருவிலும் இருப்பாங்க. அவங்களுக்குச் சொல்லுங்க.

8/ எந்தக் கடையில வாங்கினாலும் சரி, டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க மக்களே.